காரின் சைலன்சருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கலாமா?

கேள்வி இது: "11 வருடம் ஓடிய பெட்ரோல் கார். தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. நடு சைலன்சரும் பின் சைலன்சரும் முழுக்கத் துருவேறிக் கிடக்கின்றன. வீட்டு இரும்புக் கேட்டுக்கு அடித்த அலுமினியம் பெயிண்ட் அரை லிட்டர் மிச்சம் இருக்கிறது. அதையே அடித்தால் போதுமா? வேறு பெயிண்ட் வாங்க வேண்டுமா? கழற்றாமலே அடிக்க முடியுமா?"

தாராளமாக அடிக்கலாம். பொறுமையும் ஒரு விடுமுறை நாளும் இருந்தால் வீட்டு வாசலிலேயே முடித்துவிடக்கூடிய வேலைதான். ஆனால் அந்தக் கேட் பெயிண்டைத் தொடாதீர்கள். அதில் அலுமினியத் தூளைப் பிடித்து வைத்திருப்பது எண்ணெய் சார்ந்த பிசின். 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது பழுப்பாகி, பிறகு கருகிவிடும். வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிய முதல் நாளே புகையும் நாற்றமும் வரும். கொஞ்ச நாளில் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர ஆரம்பிக்கும். அந்தக் கருகிய பூச்சைச் சுரண்டி எடுப்பது துருவைத் தேய்ப்பதைவிடப் பெரிய தொல்லை.

உங்களுக்கு வேண்டியது சிலிக்கோன் பிசினில் செய்த, சூடு தாங்கும் பெயிண்ட். ஹார்டுவேர் கடைகளில் ஹீட் ரெசிஸ்டன்ட் பெயிண்ட் என்று கேட்டால் தெரியும். வெள்ளி நிறத்திலும் கறுப்பிலும் கிடைக்கிறது. ஸ்பிரே டப்பாவாகவும் வருகிறது, பிரஷால் அடிக்கும் டின்னாகவும் வருகிறது. டப்பாவில் 200, 400, 600 டிகிரி என்று தாங்கும் அளவு போட்டிருக்கும். எதை வாங்குவது என்று முடிவு செய்ய, சைலன்சர் உண்மையில் எவ்வளவு சூடாகிறது என்று தெரிய வேண்டும். எஞ்சினை ஒட்டிப் புகையை வெளியே எடுக்கும் மேனிஃபோல்டும் அதை அடுத்துப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் 500 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்; மேடேறும்போதும் வேகமாக ஓட்டும்போதும் இன்னும் மேலே போகும். பின்னால் வர வர குழாய் ஆறிவிடும். பின் சைலன்சரின் மேல் தகடு சாதாரண ஓட்டத்தில் பெரும்பாலும் 300 டிகிரிக்குள்தான் இருக்கும். நகரத்துக்குள் மட்டும் ஓட்டினால் 150 டிகிரியைத் தொடுவதே அரிது. நடு சைலன்சர் இரண்டுக்கும் இடைப்பட்டது. ஆகவே உங்கள் இரண்டு சைலன்சர்களுக்கும் 400 டிகிரி பெயிண்டே தாராளம். 600 டிகிரி போட்ட டப்பாதான் கிடைத்தது என்றால் அதையும் வாங்கலாம். ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. பெரும்பாலானவர்களின் வேலை கெட்டுப்போவது அங்கேதான்.

சிலிக்கோன் பெயிண்ட் காற்றில் காய்ந்து முடிவதில்லை. அரை மணி நேரத்தில் தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலத் தோன்றும். அது தின்னர் ஆவியாகிப் போனதால் வந்த உலர்வு மட்டுமே. பிசின் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாவதற்குச் சூடு வேண்டும்; பல பெயிண்டுகளுக்கு 200 டிகிரி அளவுக்கு வேண்டும். அந்தச் சூடு கிடைத்த பிறகுதான் உள்ளே இருக்கும் அலுமினியச் செதில்கள் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இரும்பை மூடி நிற்கும். சூடு கிடைக்காத வரை நகத்தால் கீறினாலே பூச்சு வரும், பெட்ரோல் பட்டால் கரையும், மழைத் தண்ணீர் அடியில் புகுந்துவிடும். எனவே டப்பாவில் எத்தனை டிகிரி தாங்கும் என்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் சுட வேண்டும் என்பதையும் படித்துப் பார்த்து வாங்குங்கள். அந்த விவரமே இல்லாத டப்பாவை நான் வாங்க மாட்டேன்.

பெயிண்ட் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன், அந்தச் சைலன்சர்களுக்குப் பெயிண்ட் அடிப்பதில் பயன் உண்டா என்று பாருங்கள். வெளியே தெரியும் துரு பாதிக் கதைதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தால் அது ஆவியாக வெளியே போய்விடும். வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு என்று 2, 3 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிற வண்டியில் அந்த ஆவி குளிர்ந்து சைலன்சரின் வயிற்றிலேயே தங்கிவிடுகிறது. எரிந்த வாயுக்களின் அமிலமும் அதில் கலந்திருக்கும். அப்படி உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும் துருவை வெளியே அடிக்கும் எந்தப் பெயிண்டும் நிறுத்தாது.

சோதிப்பது எளிது. வண்டி முழுக்க ஆறிய பிறகு, ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் சைலன்சரை வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்துப்போன இடம் நமுத்த அப்பளத்தைத் தட்டியதுபோல் ஒலியே இல்லாமல் அமுங்கும். உள்ளே துருத் தூள் சலசலப்பதும் கேட்கலாம். அடிப்பக்கமும் இரண்டு முனைகளில் தகடு மடித்த மடிப்பும்தான் முதலில் போகும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூடிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தச் சைலன்சர் முடிந்தது. அடுத்ததாக, திறந்த வெளியில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, டெயில் பைப் சூடேறுவதற்கு முன்பே, தடித்த ஈரத்துணியால் அதன் வாயைச் சில நொடிகள் மூடும்படி இன்னொருவரிடம் சொல்லுங்கள். நடுவில் எங்காவது புஸ்ஸென்று காற்று வந்தால் ஓட்டை இருக்கிறது. ஒரே ஒரு சின்ன ஓட்டை, சுற்றிலும் தகடு கெட்டி என்றால் வெல்டிங் வைத்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கலாம். பல இடங்களில் என்றால் வேறு சைலன்சர் மாட்டிவிடுவதே நல்லது. ஓட்டையை எம்சீல் பசை போட்டு அடைத்து மேலே பெயிண்ட் அடிப்பது பணத்துக்கும் கேடு, உயிருக்கும் ஆபத்து. புகை வண்டிக்குள் ஏறும்.

உங்கள் ஊரில் வெளித் துருவுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. உப்பளமும் கடற்காற்றும் சேர்ந்த ஊர். காற்றில் வரும் உப்பு தகட்டில் படிந்து, இரவுப் பனியில் ஈரமாகி, காலையில் காய்ந்து, மறுபடி ஈரமாகும். போதாததற்கு 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்த மாவட்டத்தில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. உங்கள் வண்டியும் நின்றிருந்தால் தட்டிப் பார்க்கும் சோதனையை இரண்டு மடங்கு கவனத்தோடு செய்யுங்கள். சேறு உள்ளே புகுந்து தங்கியிருந்தால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும்.

சைலன்சர் எந்த உலோகம் என்பதையும் பார்த்துவிடுங்கள். பல கார்களில் வருவது அலுமினியம் பூசிய இரும்புத் தகடு. அதில் தகடு வெளுத்த சாம்பல் நிறமாகவே இருக்கும். வெல்டிங் வைத்த வரிகளிலும் சைலன்சரைத் தொங்கவிடும் கொக்கியான ஹேங்கர் ஒட்டிய இடங்களிலும் மட்டும் துரு பிடித்திருக்கும். வெல்டிங் சூட்டில் அந்த அலுமினியப் பூச்சு எரிந்துபோவதுதான் காரணம். இப்படியிருந்தால் முழுச் சைலன்சரையும் கிரைண்டரில் வைத்துத் தேய்க்காதீர்கள். கம்பெனி போட்ட அந்தப் பூச்சு நீங்கள் அடிக்கப்போகும் எந்தப் பெயிண்டையும்விட நல்ல காவல். துருப்பிடித்த வரிகளை மட்டும் சுத்தம் செய்து அங்கே மட்டும் அடித்தால் போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் பெயிண்டே தேவையில்லை. காந்தம் ஒட்டவில்லை என்றால் அது பெரும்பாலும் 304 ரகம். காந்தம் ஒட்டினாலும் 409 ரக ஸ்டெயின்லெஸாக இருக்கலாம். அதில் குரோமியம் சுமார் 11 சதவீதம்தான் என்பதால் மேலே இலேசாகப் பழுப்பேறும், ஆனால் ஆழமாக அரிக்காது. அந்தப் பழுப்பைப் பார்த்துப் பயந்து இரும்புக் கம்பி பிரஷால் தேய்ப்பவர்கள் உண்டு. பிரஷிலிருந்து உதிரும் இரும்புத் துணுக்குகள் தகட்டில் பதிந்து, புதிதாகத் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாக நிற்கும்.

கழற்றாமல் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடிக்கலாம், பாதி வேலைதான் ஆகும். சைலன்சரின் மேல்பக்கத்துக்கும் வண்டியின் அடித்தகட்டுக்கும் இடையில் இரண்டு விரல் அளவு இடைவெளிதான் இருக்கும். டயர் வாரி அடிக்கும் மண் அங்கேதான் போய் உட்கார்ந்து காயாமல் கிடக்கும். ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே நீட்டி டார்ச் அடித்துப் பாருங்கள். கீழே பார்த்ததைவிட மோசமான துரு அங்கே இருக்கும். கழற்றாமல் அடித்தால் அந்த இடத்துக்குப் பிரஷும் போகாது, பெயிண்டும் போகாது. அதனால் முடிந்தால் கழற்றச் சொல்கிறேன். குழாய்களை இணைக்கும் தட்டான ஃபிளாஞ்சின் போல்ட்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி வையுங்கள். ஹேங்கர் ரப்பரில் சோப்புத் தண்ணீர் விட்டால் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். போல்ட் அசையவே இல்லை என்றால் பலத்தைக் காட்டி முறிக்க வேண்டாம். அதை மட்டும் ஒரு பட்டறையில் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். பெட்ரோல் டாங்க் பக்கத்திலேயே இருப்பதால் தீ வைத்து இளக்கும் வேலையை வீட்டில் செய்யவே கூடாது. பின் சைலன்சரைக் கழற்றியதும் முன்னால் இருக்கும் குழாய் தன் எடையில் தொங்காதபடி கயிற்றால் தூக்கிக் கட்டுங்கள். திரும்ப மாட்டும்போது, இணைப்பில் புகை கசியாமல் தடுக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள்.

வண்டிக்கு அடியில் போவதென்றால் ஒரு வார்த்தை, கண்டிப்பாகவே சொல்கிறேன். டயர் மாற்றும் ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் படுக்கக் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, கியரிலும் கை பிரேக்கிலும் போட்டு, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, இரண்டு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்டில் வண்டி முழுக்க உட்கார்ந்த பிறகு, வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் படுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டுக்கு மாற்று ஆகாது. அவை எச்சரிக்கையே தராமல் நொறுங்கும். ஸ்டாண்டு இல்லை என்றால் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

இனிச் சுத்தம் செய்வது. மொத்த வேலையில் முக்கால் பங்கு இதுதான்; பெயிண்ட் எத்தனை நாள் நிற்கும் என்பது இங்கேயே முடிவாகிவிடும். முதலில் நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். உப்பு தண்ணீரில்தான் போகும்; தேய்ப்பதால் போகாது. உப்பு மிச்சமிருக்கும் இரும்பின் மேல் எந்தப் பெயிண்ட் அடித்தாலும் அடியிலிருந்து கொப்புளம் கிளம்பும். உங்கள் ஊர் போர் தண்ணீர் கரிப்பாக இருந்தால் குடிநீரையே பயன்படுத்துங்கள். காய்ந்ததும் கம்பி பிரஷால் தளர்ந்த துருவையெல்லாம் உதிர்த்துவிட்டு, 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, 120 நம்பரில் முடியுங்கள். டிரில்லில் மாட்டும் கம்பி பிரஷ் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அதிலிருந்து கம்பிகள் தெறிக்கும், கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். தகட்டைக் கண்ணாடி போலப் பளபளப்பாக்க வேண்டாம். பெயிண்ட் பிடிக்க மெல்லிய கீறல்கள் வேண்டும். குழிகளுக்குள் பதிந்த கருந்துரு முழுக்கப் போகாது. விரலால் அழுத்தித் தேய்த்தால் தூள் ஒட்டாத அளவுக்கு வந்தால் சரி.

துருவைக் கறுப்பாக மாற்றும் திரவங்கள் கடையில் கிடைக்கின்றன. பலவற்றில் பாலிமர் கலந்திருக்கிறது. கார் பாடிக்கு நல்லது, சைலன்சர் சூட்டில் கருகி மேலே இருக்கும் பெயிண்டையும் தூக்கிவிடும். ரெட் ஆக்சைடு பிரைமருக்கும் அதே கதிதான். குழிகளை நிரப்பும் பட்டியும் அப்படியே. சூடு தாங்கும் பெயிண்டை நேரடியாக இரும்பின் மேல் அடிப்பதுதான் வழக்கம். அதே கம்பெனி அதற்கென்றே சூடு தாங்கும் பிரைமர் விற்றால் மட்டும் அதைப் போடலாம்.

கடைசியாக, தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு வராத வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். துரு இளக்கும் எண்ணெயின் மிச்சமும், டயர் பாலிஷ் தெறித்த இடங்களும் பெயிண்டை ஒட்டவிடாது. பெயிண்ட் வட்ட வட்டமாக விலகிக்கொள்ளும். துடைத்த பிறகு வெறும் கையால் தொடாதீர்கள். வியர்வையிலும் உப்புதான் இருக்கிறது. விரல் ரேகை பதிந்த இடத்தில் அதே வடிவில் துரு வருவதைப் பார்க்கலாம்.

பெயிண்ட் படக்கூடாத இடங்களை மறைக்க வேண்டும். பின் சைலன்சரின் அடியில் மடிப்பை ஒட்டிக் குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துளை இருக்கலாம். உள்ளே தேங்கும் தண்ணீர் வடிவதற்காக வைத்தது. அதை ஓட்டை என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள்; அடைத்த சைலன்சர் உள்ளேயே ஊறிச் சாகும். தேய்த்து முடித்ததும் மெல்லிய கம்பியால் அந்தத் துளையைக் குத்திச் சுத்தம் செய்து, ஒரு பல்குச்சியைச் செருகி வைத்துவிட்டுப் பெயிண்ட் அடியுங்கள். ஹேங்கர் ரப்பரிலும், முன்னால் இருக்கும் கம்பி பின்னிய நெளியும் குழாயிலும், ஃபிளாஞ்ச் முகத்திலும் பெயிண்ட் படக் கூடாது. புகைக் குழாயில் பொருத்தியிருக்கும் ஆக்சிஜன் சென்சருக்குப் பக்கத்திலேயே போகாதீர்கள். சிலிக்கோன் அதற்கு நஞ்சு. வண்டியிலேயே வைத்து அடிப்பதென்றால் பம்பர், டாங்க், பிரேக் குழாய், பின் சக்கரம் எல்லாவற்றையும் செய்தித்தாளும் மாஸ்கிங் டேப்பும் போட்டு மூடுங்கள்.

நேரம் பார்த்து அடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம். அதிகாலையில் தகட்டில் பனி ஈரம் இருக்கும். உச்சி வெயிலில் தகடு சுட்டு, பெயிண்ட் போய் ஒட்டுவதற்கு முன்பே காய்ந்து மணல் மணலாக நிற்கும். காலை 9 மணிக்கு மேல் நிழலில் அடிப்பது நல்லது. கடற்காற்று எழும் முன் முடித்துவிடலாம்.

டப்பாவை உள்ளே இருக்கும் குண்டு கடகடவென்று உருள ஆரம்பித்த பிறகும் 2 நிமிடம் குலுக்குங்கள்; அலுமினியம் கனம், அடியில் படிந்துவிடும். 25, 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் வீசிக்கொண்டே அடியுங்கள். முதல் கை பூச்சு, தகடு மங்கலாகத் தெரியும் அளவுக்கு இருந்தாலே போதும். 10, 15 நிமிடம் விட்டு இரண்டாவது கை, தேவைப்பட்டால் மூன்றாவது. மடிப்புகளிலும் வெல்டிங் வரிகளிலும் ஹேங்கர் ஒட்டிய மூலைகளிலும் முதலில் அடித்துவிட்டுப் பிறகு பரப்பில் அடியுங்கள். பிரஷால் அடிப்பவர்கள் டின்னை அடிக்கடி கலக்கிக்கொள்ள வேண்டும். சாதாரண பெயிண்டில் தடிப்பாக அடித்தால் பலம் என்று நினைப்போம். இங்கே தடிப்புதான் எதிரி. மேலே தோல் கட்டிவிட, உள்ளே மாட்டிக்கொண்ட தின்னர் சூட்டில் கொதித்துக் கொப்புளமாக வெடிக்கும். ஸ்பிரே டப்பாக்களில் எளிதில் தீப்பற்றும் வாயுதான் பெயிண்டைத் தள்ளுகிறது. சிகரெட், ஊதுவத்தி, அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வதால் பயனில்லை; ரசாயன ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போடுங்கள்.

அடித்து முடித்ததும் பல்குச்சியை எடுத்துவிட்டு, டப்பாவில் சொன்ன நேரம், அது ஒரு நாளாக இருந்தாலும், அப்படியே விடுங்கள். பிறகு சுடும் வேலை. வண்டியில் மாட்டிச் சுடுவதற்குப் பொதுவான முறை இது: எஞ்சினை 10 நிமிடம் ஐடிலில், அதாவது நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஓடவிட்டு அணைத்து 20 நிமிடம் ஆறவிடுங்கள், மறுபடி 20 நிமிடம் ஐடில், 20 நிமிடம் ஆறல், அதன் பிறகு அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள். படிப்படியாகச் சூடேற்றுவது, மிச்சமிருக்கும் தின்னர் மெதுவாக வெளியேறுவதற்காக. மாட்டியதும் நேராக நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போனால் கொப்புளம்தான் மிஞ்சும். முதல் சூட்டில் இலேசான புகையும் வாசனையும் வருவது இயல்பு. அந்த நேரத்தில் பூச்சு இளகி இருக்கும், தொடக் கூடாது. இதையெல்லாம் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். மூடிய ஷெட்டிலோ போர்டிகோவிலோ எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மயக்கம் வந்த பிறகு தெரிந்து பயனில்லை.

மேலே சொன்ன 600 டிகிரி டப்பாவின் சிக்கல் இங்கேதான் வருகிறது. அந்தப் பெயிண்ட் கெட்டியாக 200 டிகிரிக்கு மேல் வேண்டும் என்றால், ஐடிலில் ஓடும் வண்டியின் பின் சைலன்சர் அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. ஊருக்குள் மட்டும் ஓட்டினால் மாதக் கணக்கில் அது பாதி வெந்த நிலையிலேயே இருக்கும். எனவே ஐடில் சுற்றுகள் முடிந்ததும் திருச்செந்தூர் வரைக்கோ மதுரைச் சாலையிலோ நிற்காமல் ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டுங்கள். சைலன்சரைக் கழற்றிய நிலையில் ஹாட் ஏர் கன் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் காற்று 500 டிகிரி வரை போகும் என்பதால் ஒவ்வொரு பகுதியாக, மெதுவாக, தூரத்திலிருந்து ஆரம்பித்துச் சூடேற்றலாம். சமையல் செய்யும் ஓவனில் மட்டும் வைக்காதீர்கள். சூட்டை அளக்கத் துப்பாக்கி வடிவத் தெர்மாமீட்டர் வைத்திருந்தால், வெள்ளிப் பூச்சின் மேல் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, வண்டி முழுக்க ஆறிய பிறகு தின்னரில் நனைத்த துணியால் மறைவான ஓரிடத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் வெள்ளி நிறம் திட்டுத் திட்டாக வந்தால் இன்னும் வேகவில்லை. மறுபடி ஒரு நீண்ட ஓட்டம் தேவை. சாயம் வரவில்லை என்றால் முடிந்தது.

எத்தனை நாள் நிற்கும் என்றால், கடலோரத்தில் ஒரு மழைக்காலத்தைச் சுத்தமாகத் தாண்டினாலே நல்ல வேலை என்பேன். வேகத்தடையில் உரசும் அடிப்பக்கமும் கல் தெறிக்கும் முன் மடிப்பும் முதலில் போகும். டப்பாவை எடுத்து வைப்பதற்கு முன் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும்வரை அழுத்திவிடுங்கள், முனை அடைக்காது. தை பிறந்ததும் ஒருமுறை அடியில் பார்த்து, பழுப்புத் தெரியும் இடத்தை மட்டும் தேய்த்து, மிச்சப் பெயிண்டை இரண்டு கை அடித்து, அன்றே ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவிட்டால் முழுச் சைலன்சரையும் மறுபடி கழற்ற வேண்டிய நாளைத் தள்ளிப்போடலாம். வாரத்துக்கு ஒருமுறையாவது 20, 30 கிலோமீட்டர் ஓட்டி உள்ளே இருக்கும் தண்ணீரை விரட்டிவிடுங்கள். ஸ்டார்ட் செய்ததும் அந்தச் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் சொட்டினால் பதற வேண்டாம், அது சொட்டத்தான் வேண்டும்.